ஸ்கேன் எடுத்தால் முடிந்ததா? ஓர் ஓவியரின் பெட்டி இணையத்துக்கு வரும் வழி

சென்னையில் ஓர் ஓவியர் காலமாகிக் காரியமெல்லாம் முடிந்ததும் வீட்டில் இந்தப் பேச்சு வரும்: "அப்பா வரைஞ்சது எதுவும் வீணாப் போகக் கூடாது. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி நெட்ல ஏத்திடலாம்." சொல்பவர் மனதாரத்தான் சொல்கிறார். சுற்றி இருப்பவர்களும் தலையாட்டுவார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு வேலைகள் இருக்கின்றன. ஸ்கேன் எடுப்பது அதில் ஒன்று, அதுவும் இருப்பதிலேயே சுலபமானது.

இது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு வீட்டில் பார்த்தேன். பத்திரிகைகளுக்குப் படம் போட்டவர் வீடு. பையன்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, இரண்டே நாளில் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்தார்கள். "அதான் போட்டோ இருக்கே" என்று காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். அப்புறம் போன் மாறியது. இன்று மிஞ்சியிருப்பவை உறவினர்களுக்குப் பகிர்ந்தபோது சுருங்கிப்போன படங்கள் மட்டும்தான். பெரிதாக்கிப் பார்த்தால் கோடு கரைந்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது. நாற்பது வருட உழைப்பு. அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆல்பத்தின் பின்பக்கம்

உங்கள் தாத்தா வீட்டுப் பழைய புகைப்படம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பென்சிலில் "1962, திருச்சி, சித்தப்பா கல்யாணம்" என்று இருக்கும். அந்த ஒரு வரி இருப்பதால்தான் அறுபது வருடம் கழித்தும் அந்தப் படத்துக்கு அர்த்தம் இருக்கிறது. உங்கள் செல்போனில் எண்ணாயிரம் படங்கள் இருக்கலாம், எதற்கும் பின்பக்கம் கிடையாது. யார், எங்கே, எதற்காக என்பது உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

ஓர் ஓவியரின் தாள்களை இணையத்துக்குக் கொண்டுவருவதும் இப்படித்தான். காகிதத்திலோ துணியிலோ இருப்பதைக் கணினி படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவதை மின்னுருவாக்கம் என்கிறோம். முன்பக்கத்தைப் படம் பிடிப்பது அதில் பாதி. பின்பக்கத்து வரியையும் சேர்த்துக் கொண்டுபோவது மீதிப் பாதி.

சென்னையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுக்கத் தேடித்தேடிச் சேர்த்த புத்தகங்கள், இதழ்கள், நோட்டீஸ்கள்தான் அதன் அடித்தளம். 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் நூலகம் உருவானது. முதலில் பக்கங்களைச் சிறிதாக்கிப் பதியும் மைக்ரோஃபிலிம் சுருளில் நகல் எடுத்தார்கள், பின்னால் கணினிக்கு வந்தார்கள். கருவி மாறியது. என்ன இருக்கிறது என்று பார்த்து, பட்டியல் போட்டு, பத்திரப்படுத்தும் வேலை மாறவில்லை.

முதல் நாள் கை வைக்காதீர்கள்

ஊரிலிருந்து வந்த அத்தை உங்கள் சமையலறையை "ஒழுங்கு பண்ணி" விட்டுப் போனால் என்ன ஆகும்? எல்லாம் பளபளவென்று இருக்கும், மிளகு மட்டும் கிடைக்காது. ஓவியரின் பெட்டியைத் திறந்ததும் நமக்கு வரும் முதல் ஆசையும் அதுதான். கடிதம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், பில் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். சூளைமேட்டில் ஒரு வீட்டில் உதவிக்குப் போயிருந்தபோது ஒரு பழுப்புக் கவரைப் பிரித்தோம். உள்ளே மூன்று பொருள்கள். கோயில் தூண் ஒன்றின் பென்சில் கோட்டோவியம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த பேருந்தின் பயணச்சீட்டு. "கதைக்குத் தூண் படம் அவசியம், செவ்வாய்க்குள் வேண்டும்" என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதிய அஞ்சலட்டை. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு படம், ஒரு குப்பை, ஒரு கடிதம். ஒரே கவரில் இருப்பதால், அட்டை வந்ததும் அந்த மனிதர் காஞ்சிபுரத்துக்குப் பேருந்து ஏறிப்போய்த் தூணின் முன்னால் நின்று வரைந்திருக்கிறார் என்பது தெரிகிறது. பயணச்சீட்டைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தால் இந்த நிகழ்ச்சியே இல்லாமல் போயிருக்கும்.

ஆவணக் காப்பகத்தில் இருப்பவர்கள் இதை மூல ஒழுங்கு என்பார்கள். தாள்களை வைத்திருந்தவர் எந்த வரிசையில், எதோடு எதைச் சேர்த்து வைத்தாரோ அந்த அமைப்பு என்று பொருள். அதனால் முதல் நாள் வேலை சின்னது. பெட்டியைத் திறந்தபடியே மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பெட்டிக்கு ஓர் எண், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கவருக்கும் ஓர் எண், கவருக்குள் இருக்கும் தாளுக்கு ஓர் எண். பெட்டி 3, கவர் 12, தாள் 4 என்றால் 3-12-4. எண்ணைப் பேனாவால் எழுதாதீர்கள். மென்மையான பென்சிலால், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள்.

குண்டூசி துருப்பிடித்திருந்தால் எடுத்துவிடலாம். அந்த ஊசி எந்தெந்தத் தாள்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சளாகிப்போன செல்லோடேப்பை உரிக்கவே வேண்டாம், மையும் கூடவே வந்துவிடும். ராமபாணப் பூச்சி அரித்த தாள்களை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக வையுங்கள். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரம் அந்தப் பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும்.

எத்தனை புள்ளி, எந்தக் கருவி

இனி ஸ்கேன். கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து புள்ளியில் போட்ட தாமரையும் இருபத்தொரு புள்ளியில் போட்ட தாமரையும் ஒரே வாசலில் இருந்தாலும், இரண்டாவதில்தான் நெளிவு சுளிவு எல்லாம் வரும். கணினிப் படமும் புள்ளிகளால் ஆனது. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளிகளைப் பதிவு செய்கிறோம் என்பதுதான் பிரிதிறன்.

அச்சிட்ட எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். கோட்டோவியம், கையெழுத்து என்றால் 400-லிருந்து 600 நல்லது. வழக்கமான 35 மி.மீ. புகைப்பட நெகட்டிவ் சின்னது, அகலமே ஒன்றரை அங்குலத்துக்குள்தான். அதை 400-இல் எடுத்தால் அறுநூறு புள்ளிகூடத் தேறாது. அதற்கு 3000-க்கு மேல் போக வேண்டும். பொருள் சிறிதாக ஆக, எண் பெரிதாக வேண்டும்.

இதில் கஞ்சத்தனம் செய்தால் என்ன நஷ்டம்? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாள எழுத்தைப் போன்ற வரிகள், ஜாதகக் கட்டம், கணக்கு, குறிகள் என்று பொடிப்பொடியாக நிறைந்திருக்கும். குறைந்த பிரிதிறனில் அந்த வரிகள் வெறும் அழுக்குக் கோடாகிவிடும். ஓவியமே அங்கேதான் இருக்கிறது.

வண்ணத்துக்கு வருவோம். தி.நகரில் புடவை எடுக்கும்போது அம்மாக்கள் கடை வாசல் வரைக்கும் அதைக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்பார்களே, அது சரியான அறிவியல். கடை விளக்கில் அரக்காகத் தெரிந்தது வெளியே வந்தால் மெரூன். கேமராவும் இப்படித்தான் ஏமாறும். அதனால் ஓவியத்தின் பக்கத்தில் வண்ண அட்டை ஒன்றை வைத்துப் படம் எடுக்கிறார்கள். பல நிறக் கட்டங்கள் அச்சிட்ட சின்ன அட்டை, ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டது. பின்னால் எந்தத் திரையில் பார்த்தாலும், அட்டையின் சிவப்பு சரியாக வருகிறதா என்று பார்த்து ஓவியத்தின் சிவப்பைச் சரிசெய்யலாம்.

கருவி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. தாளை உள்ளே இழுத்துத் துப்பும் அலுவலக ஸ்கேனரில் பழைய தாளைக் கொடுக்காதீர்கள். கரித்துண்டு, பேஸ்டல் ஓவியங்களைக் கண்ணாடி ஸ்கேனரில்கூட வைக்கக் கூடாது, பொடி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அவற்றையும் பெரிய கேன்வாஸையும் கேமராவால்தான் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் விளக்கு, ஒவ்வொன்றும் 45 டிகிரி சாய்வில். அப்போதுதான் எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு லென்ஸில் அடிக்காது.

பின்பக்கத்தையும் எடுங்கள். அச்சுக்குப் போன மூலப்படங்களின் பின்னால் எவ்வளவு விஷயம் இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். சூளைமேட்டுப் பெட்டியில் ஒரு மை ஓவியம். முன்பக்கம், ஒரு பெண்ணின் தோள்பட்டை மேல் வெள்ளைப் போஸ்டர் கலர் பூசி, அதன்மேல் கோட்டைத் திரும்பப் போட்டிருக்கிறார். விளக்கில் சாய்த்தால் கீழே இருக்கும் பழைய கோடு லேசாகத் தெரிகிறது. தோள் முதலில் நிமிர்ந்திருந்தது, பிறகு தளர்ந்திருக்கிறது. பின்பக்கம் "2 காலம் அகலம்", அதாவது பத்திரிகையில் இரண்டு பத்தி அகலம், என்று அச்சுக்கட்டை (பிளாக்) செய்பவருக்கு நீலப் பென்சிலில் ஒரு குறிப்பு. அச்சான பத்திரிகையில் இது எதுவும் தெரியாது. மனம் மாறிய அந்தத் தோள் மூலத்தாளில் மட்டும்தான் இருக்கிறது.

எடுத்ததை இரண்டு விதமாகச் சேமிக்க வேண்டும். ஒன்று மூலப்பிரதி. எதையும் சுருக்காமல், டிஃப் என்ற கோப்பு வடிவத்தில் பூட்டி வைப்பது. இன்னொன்று பயன்பாட்டுப் பிரதி. அதிலிருந்து சுருக்கி, ஜேபெக் வடிவத்தில் இணையத்தில் காட்டுவது. நகைக்கு லாக்கர், அன்றாடத்துக்குக் கவரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாள் ஒன்றை 400 புள்ளியில் வண்ணத்தில் எடுத்தால் மூலப்பிரதி சுமார் 46 எம்.பி. வரும். ஆயிரம் பக்கத்துக்கு 46 ஜி.பி. இன்றைய வன்தட்டுக்கு இது பெரிய சுமையே இல்லை, எனவே இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று தரத்தைக் குறைக்க வேண்டாம்.

இதுவரை பார்த்தது: பெட்டியைக் கலைக்காமல் எண் கொடுத்தோம். தேவையான புள்ளிகளோடு, வண்ண அட்டை வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்தோம். லாக்கருக்கு ஒன்று, வெளியில் காட்ட ஒன்று. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

பெயர் இல்லாத படத்தை யார் தேடுவார்?

ஐயாயிரம் படங்களை 'ஐஎம்ஜி_0001' என்று தொடங்கி வரிசையாக இணையத்தில் ஏற்றிவிட்டீர்கள். மதுரையில் ஒரு மாணவி கோயில் தூண் ஓவியங்களைத் தேடுகிறாள். அவளுக்கு எது கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. கணினிக்குப் படம் வெறும் புள்ளிக் கூட்டம். அதில் தூண் இருக்கிறது என்று நாம்தான் எழுத வேண்டும்.

அப்படி எழுதும் விவரங்களை மீதரவு என்கிறோம், தரவைப் பற்றிய தரவு. புழக்கத்தில் மெட்டாடேட்டா. தலைப்பு, வரைந்தவர், காலம், அளவு, எதில் எதனால் வரைந்தது, என்ன இருக்கிறது, உரிமை யாருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கட்டங்களை நாமே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டப்ளின் கோர் என்று 15 கட்டங்கள் கொண்ட பொது அமைப்பு ஒன்றை உலகமெங்கும் நூலகங்கள் பயன்படுத்துகின்றன. ஒரே அமைப்பில் எழுதினால், நாளை இன்னொரு நூலகத்தின் தேடலிலும் நம் படம் வரும்.

எழுதும்போதுதான் சிக்கல்கள் தெரியும். பணிக்கர் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு 'கே' போட்டு எழுதுவார், இன்னொருவர் நடுவில் 'சி' சேர்ப்பார். ஊரை ஒரு கடிதம் மதராஸ் என்கும், மற்றொன்று மெட்ராஸ் என்கும், 1996-க்குப் பிறகு வந்தது சென்னை என்கும். தேடுபவர் எதைத் தட்டினாலும் எல்லாம் வர வேண்டுமென்றால், ஒரு வடிவத்தை முதன்மையாக வைத்து மற்றவற்றை அதனோடு இணைத்து எழுத வேண்டும். தேதி இன்னும் சுவாரசியம். "விளம்பி, ஆவணி 10" என்று போட்டிருக்கும். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். விளம்பி 1958-லும் வந்தது, 2018-லும் வந்தது. அஞ்சல்தலையையும் எழுதியவர் வயதையும் பார்த்து 1958 என்று முடிவு செய்யலாம். ஆனால் "விளம்பி, ஆவணி 10" என்பதையும் அப்படியே பக்கத்தில் எழுதுங்கள். நாம் முடிவு செய்தது எது, தாளில் இருந்தது எது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். ஊகத்தை உண்மை மாதிரி எழுதி வைப்பதுதான் இந்த வேலையில் பெரிய பாவம் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் தப்பாக எழுதிய தேதியை அடுத்து வரும் இருபது பேர் அப்படியே எடுத்துப் போடுவார்கள்.

ஐயாயிரம் தாளுக்கும் இப்படி எழுத முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. மளிகைக்கடை ரசீது நிறைந்த கவருக்கு மொத்தமாக ஒரு குறிப்பு போதும். முக்கியமான ஓவியங்களுக்கும் கடிதங்களுக்கும் தனித்தனியாக எழுதலாம்.

கடிதத்தின் உள்ளே தேட

படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி தானே படித்துத் தட்டச்சாக மாற்றும் மென்பொருள் உண்டு. அதுதான் எழுத்துணரி. அச்சிட்ட தமிழை இப்போது ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ஆனால் 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சானவற்றில் 'லை', 'னை', 'றா', 'னா' எல்லாம் வேறு உருவில் இருக்கும். துதிக்கை வைத்த 'லை'யைப் பார்த்ததும் எழுத்துணரி தடுமாறும். ஓவியர் கையால் எழுதிய கதைத் தலைப்புகளும் அப்படியே. கையெழுத்துக் கடிதங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் மனிதர்தான் உட்கார்ந்து படித்துச் சரிபார்க்க வேண்டும். குடும்பத்தில் அந்தக் கையெழுத்துக்குப் பழகிய ஒருவர் இருந்தால் அவரைவிட நல்ல கருவி கிடையாது.

மூன்று சாவி

வீட்டுச் சாவி ஒன்று நம்மிடம், ஒன்று பக்கத்து வீட்டில், ஒன்று ஊரில் தம்பியிடம். கோப்புகளுக்கும் இதே கணக்கு. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்றாவது வேறு ஊரில். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தரைத்தளத்தில் இருந்த இரண்டு வன்தட்டும் ஒரே தண்ணீரில்தான் மூழ்கும்.

பிரதி இருந்தாலும் உள்ளே கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மொய் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை எழுதுவோம். யாராவது நடுவில் ஒரு எண்ணை மாற்றினால் கூட்டல் உதைக்கும். கணினியும் ஒவ்வொரு கோப்புக்கும் இப்படி ஒரு குறியெண் போட்டுத் தரும், அதற்குச் செக்சம் என்று பெயர். ஒரே ஒரு புள்ளி மாறினாலும் குறியெண் முழுக்க மாறிவிடும். வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, கெட்டதை நல்ல பிரதியிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

ஓவியம் உங்களுடையது, உரிமை?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நீங்கள் ஒரு நாவல் வாங்கினால் புத்தகம் உங்களுடையது. அதை ஆயிரம் பிரதி அச்சடித்து விற்க முடியாது. ஓவியமும் அதேதான். பணம் கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தாலும், அதை நகலெடுத்து வெளியிடும் உரிமை, அதாவது பதிப்புரிமை, எழுதிக் கொடுத்தால் ஒழிய ஓவியரிடமே இருக்கும். அவருக்குப் பின் வாரிசுகளிடம்.

எவ்வளவு காலம்? இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியரின் ஆயுள் காலமும், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும். ராஜா ரவி வர்மா 1906-இல் மறைந்தார், அவர் படங்கள் இன்று எல்லோருக்கும் பொது. பணிக்கர் மறைந்தது 1977, ஆக 2037 முடியும்வரை உரிமை உண்டு. ஓவியர் ஆதிமூலம் 2008-இல் மறைந்தார், அவருக்கு 2068 வரை.

மெரினா உழைப்பாளர் சிலையை வைத்து ஒரு கேள்வி. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1975-இல் மறைந்தவர், உரிமைக் காலம் 2035 வரை ஓடுகிறது. அப்படியென்றால் கடற்கரையில் அந்தச் சிலையைப் படம் பிடித்து இணையத்தில் போடுவது தப்பா? தப்பில்லை. பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிற்பத்தைப் புகைப்படம் எடுத்து வெளியிடச் சட்டமே இடம் கொடுக்கிறது. அவர் வரைந்த ஓவியம் ஒன்று ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருந்தால் இந்தச் சலுகை அதற்குக் கிடையாது, அனுமதி வேண்டும்.

கடிதங்களில் இன்னொரு முடிச்சு. ஓவியருக்கு வந்த கடிதத்தாள் அவர் குடும்பத்துக்குச் சொந்தம். அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதி அனுப்பியவருக்கு. பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தபோது வரைந்ததென்றால் பத்திரிகைக்கும் அதில் பங்கு இருக்கலாம், ஒப்பந்தத்தைத் தேடிப் பாருங்கள். சட்டத்தையும் தாண்டி மனிதர்கள் இருக்கிறார்கள். கடன் கேட்டு எழுதியது, குடும்பச் சண்டை, நோய் பற்றிய விவரம் எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கும். ஸ்கேன் எடுத்து வையுங்கள், பட்டியலில் சேருங்கள், ஆனால் வெளியே காட்டாமல் சில வருடம் நிறுத்தி வைக்கலாம். பொதுப் பார்வைக்குத் திறப்பது என்றால் எல்லாவற்றையும் தெருவில் கொட்டுவது என்று யாரும் சொல்லவில்லை.

சுருக்கமாக: படத்துக்கு விவரம் எழுதினால்தான் அது தேடலில் கிடைக்கும். மூன்று இடத்தில் வைத்தால்தான் நிலைக்கும். வெளியிடும் முன் உரிமை யாரிடம் என்று கேட்க வேண்டும். மூலத்தாள்களை எடைக்குப் போடக் கூடாது. வெள்ளைப் பூச்சின் தடிப்பையும் அடியில் இருக்கும் பழைய கோட்டையும் ஸ்கேன் முழுசாகக் காட்டாது.

முதலில் எதைத் தொடங்குவது?

ஸ்கேனர் வாங்குவதற்கு முன்னால் செல்போனில் குரல் பதிவை இயக்கி, வீட்டில் இருக்கும் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். காகிதம் இன்னும் பத்து வருடம் தாங்கும். அவர் நினைவு தாங்குமா என்று தெரியாது.

சூளைமேட்டில் அந்த ஓவியரின் மனைவிக்கு எண்பத்திரண்டு வயது. நாங்கள் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய பட்டியலை அவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினோம். ஒரு படத்துக்கு "பூ விற்கும் பெண், யாரென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தோம். தோளைத் திருத்தி வரைந்த அந்தப் படம்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தெரியலன்னா எழுதியிருக்கீங்க? நம்ம வாசல்ல உக்காந்து பூ கட்டுவாளே, அவதான். புருஷன் போனப்புறம் ஒரு வாரம் கழிச்சு வந்தா. அன்னிக்கு வரைஞ்சது."

பெயரைச் சொன்னார். பட்டியலில் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு எழுதினேன்.